லைன் போனாலும் கணக்குப் பிசகாமல்: கிளைகளுக்கிடையே தரவை ஒத்திசைக்கும் நெறிமுறையை அமைப்பது எப்படி

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடை, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சில்லறைக் கடை, கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியம். மூன்றிலும் ஒவ்வொரு கணினி, மூன்றுக்கும் பொதுவாக ஒரு சேர்வர். கொழும்பில் மென்பொருள் எழுதுகிறவர்களின் கைக்கு அடிக்கடி வருகிற வேலை இது. முதலாளி கேட்பது ஒன்றுதான்: மூன்று இடத்துக் கணக்கும் ஒத்துவர வேண்டும்.

லைன் நன்றாக இருக்கிற நாளில் எப்படி எழுதினாலும் ஓடும். நெறிமுறை, அதாவது கணினிகள் தமக்குள் தரவை அனுப்பிப் பெறும் விதிகள், தேவைப்படுவது மற்ற நாட்களுக்கு. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது. அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்கவேண்டியதில்லை. ரவுட்டரில் போட்ட சிம்மில் டேட்டா முடிவதும், யூபிஎஸ் பற்றரி இறங்கிக் கணினி அணைவதும் போதும்.

முதலில் எடுக்கவேண்டிய முடிவு

லைன் இல்லாதபோது கிளை பில் அடிக்கலாமா, கூடாதா? இதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்காதீர்கள். எல்லாக் கணினியும் எந்நேரமும் ஒரே கணக்கைத்தான் காட்ட வேண்டும் என்றால் ராஃப்ட் போன்ற பெரும்பான்மை உடன்பாட்டு முறைக்குப் போகவேண்டும். அதில் தொடர்பறுந்த கிளையால் தனியாக எதையும் பதிய முடியாது. வாங்க வந்தவர் சாமானோடு நிற்கும்போது அது சரிவராது. ஆகவே கிளை முதலில் தன் கணினியில் எழுதும், பிறகு அனுப்பும். இரண்டு இடத்துக் கணக்கும் கொஞ்ச நேரம் வேறுபட்டிருக்கும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த முடிவின் மேல் கட்டியது.

இருப்பை அனுப்பாதீர்கள், நடந்ததை அனுப்புங்கள்

சீனி 50 மூட்டை இருக்கிறது. லைன் இல்லாத நேரத்தில் வெள்ளவத்தை 3 மூட்டை விற்று ‘இருப்பு 47’ என்று எழுதுகிறது; புறக்கோட்டை 10 விற்று ‘இருப்பு 40’ என்று எழுதுகிறது. லைன் வந்ததும் எது பிந்தி வந்து சேர்கிறதோ அது மற்றதை அழித்துவிடும். ‘3 விற்றது’, ‘10 விற்றது’ என்று அனுப்பினால் எந்த வரிசையில் வந்தாலும் 37தான். அதே நிகழ்வு இரண்டு முறை கணக்கில் ஏறாமல் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு நிகழ்விலும் இவை இருக்கட்டும்: கிளை எண், தலைமுறை எண், தொடர் எண், நிகழ்வின் வகை, வடிவ எண் (நிகழ்வை எழுதும் அமைப்பின் பதிப்பு எண்), நடந்த நேரம், வியாபாரத் தேதி (எந்த நாள் கணக்கில் சேரவேண்டும் என்பது), உள்ளடக்கம். கிளை, தலைமுறை, தொடர் எண் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த நிகழ்வின் அடையாளம். தலைமுறை எண் எதற்கு என்பது கீழே வரும். அதைத் தேவையில்லை என்று விட்டவர்கள் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல.

காசை சதத்தில், நிறையை கிராமில், முழு எண்ணாக வையுங்கள். ஃப்ளோட் வகைத் தசம எண்ணாக வைத்தால் இரண்டு கணினியில் கூட்டிய தொகை கடைசிச் சதத்தில் வேறுபடலாம். இரவில் ஒப்பிடும்போது காரணமே இல்லாமல் எச்சரிக்கை வரும். வற் வரி வீதத்தையும் நிகழ்வுக்குள்ளேயே எழுதுங்கள். 2024 ஜனவரி 1இல் வீதம் 15இலிருந்து 18 சதவீதமானது. டிசம்பர் 31 இரவு அடித்த பில் மறுநாள் காலை சேர்வருக்குப் போய்ச் சேரும்போது, சேர்வர் தன்னிடமுள்ள வீதத்தை வைத்து மறுபடி கணக்குப் பார்த்தால், வாங்கியவர் கையிலுள்ள பில்லும் உங்கள் கணக்கும் ஒத்துவராது.

பில்லும் அனுப்புபெட்டியும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில்

கிளையில் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். பில் எழுதும் அட்டவணை, இருப்பு அட்டவணை, அனுப்பவேண்டிய நிகழ்வுகளின் அட்டவணை (இதுதான் அனுப்புபெட்டி) ஆகிய மூன்றையும், எல்லாம் எழுதப்படும் அல்லது ஒன்றுமே எழுதப்படாது என்ற ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். பில்லை எழுதி முடித்துவிட்டுப் பிறகு அனுப்புபெட்டியில் போடுவதாக வைத்தால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒருநாள் கரண்ட் போகும். பில் கடையில் இருக்கும், சேர்வருக்கு ஒருபோதும் போகாது. யாரும் எதையும் தவறாகச் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் கணக்கு இடிக்கும்.

இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். ஒன்று, எஸ்க்யூலைட்டை வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் ஓட்டும்போது, வட்டில் எழுதி முடியும்வரை காத்திருப்பதைத் தீர்மானிக்கும் சிங்க்ரனஸ் அமைப்பை ‘நார்மல்’ என்று விட்டால், மின்சாரம் போகும்போது கோப்பு கெடாது. ஆனால் கடைசியாக முடிந்த சில ட்ரான்ஸாக்‌ஷன்கள் காணாமல் போகலாம். பில் தாளில் அடித்துக் கொடுத்தாயிற்று, கணினியில் இல்லை. இந்த ஊருக்கு ‘ஃபுல்’ என்று வைப்பதே சரி. கொஞ்சம் மெதுவாகும், ஒரு கடையின் பில் வேகத்துக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது, தொடர் எண்ணுக்கு ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’ என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால், அனுப்பி முடித்த வரிகளை அழித்தபின், முன்பு கொடுத்த எண்ணையே எஸ்க்யூலைட் புதிய வரிக்குத் திரும்பக் கொடுக்கலாம். சேர்வர் அதைப் பழைய நிகழ்வு என்று எண்ணி ஒதுக்கிவிடும்.

கை குலுக்கல்

இந்த நெறிமுறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பரிமாற்றத்தை வரிவரியாகப் பார்ப்போம்.

வெள்ளவத்தை கேட்கிறது: என்னிடமிருந்து எதுவரை வந்து சேர்ந்தது? சேர்வர்: 4180. கிளை 4181 முதல் 4380 வரை 200 நிகழ்வுகளை அனுப்புகிறது. சேர்வர் அவற்றைத் தன் தரவுத்தளத்தில் எழுதுகிறது. அதே ட்ரான்ஸாக்‌ஷனில் ‘வெள்ளவத்தை: 4380’ என்ற குறிப்பையும் எழுதுகிறது. அது முடிந்த பிறகுதான் ‘4380’ என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்துபோகிறது.

கிளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். போன பொதி தொலைந்ததா, வந்த பதில் தொலைந்ததா என்று அதற்குத் தெரியாது. எத்தனை உறுதிச் செய்தியைக் கூட்டினாலும் தெரியாது, ஏனென்றால் கடைசி உறுதிச் செய்தியும் தொலையக்கூடியதே. இதைத்தான் இரு தளபதிகள் சிக்கல் என்கிறார்கள். அதனால் ‘சரியாக ஒரு தடவை மட்டும் போய்ச் சேரும்’ என்று எந்த வலையமைப்பும் உத்தரவாதம் தராது. கிளை செய்யக்கூடியது மறுபடி அனுப்புவதுதான். 4181 முதல் 4380 வரை திரும்பவும் போகிறது. சேர்வர் தன் குறிப்பைப் பார்க்கிறது, எல்லாமே 4380க்கு உட்பட்டவை, ஒன்றையும் எழுதாமல் அதே ‘4380’ஐத் திரும்பச் சொல்கிறது. இப்போது கிளை அந்த 200ஐயும் ‘சேர்ந்தது’ என்று குறிக்கிறது.

இதிலிருந்து வரும் விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். வட்டில் எழுதி முடிக்குமுன் சேர்வர் பதில் சொல்லக்கூடாது. சேர்வர் சொல்லும் எண் இடைவெளியில்லாமல் வந்த கடைசி எண்ணாக இருக்கவேண்டும்; 4181 வராமல் 4190 வந்தால் ‘4180’ என்றே சொல்லட்டும். கிளை அந்த எண்ணைக் காணும்வரை எதையும் அழிக்கக்கூடாது.

இன்னொன்று. எச்டிடிபியில் 200 (‘சரி’ என்று பொருள்படும் குறியீடு) என்று பதில் வந்தால் போதும் என்று எழுதிவிடுவார்கள். நடுவிலிருக்கும் ஏதோ ஒரு ப்ராக்ஸி (இடைச் சேர்வர்) தன் சொந்தப் பக்கத்தை 200 என்று திருப்பி அனுப்பலாம். பதிலின் உள்ளே அந்த எண் இருக்கிறதா, தான் அனுப்பியதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கிளை நம்பட்டும்.

பொதியின் அளவும் காத்திருப்பும்

ஒரு பொதிக்கு 200 நிகழ்வு அல்லது 256 கிலோபைட், எது முதலில் வருகிறதோ அது. பதிலுக்கு 30 செக்கன் காத்திருங்கள். வராவிட்டால் பொதியைப் பாதியாக்கி மறுபடி அனுப்புங்கள். தொடர்ந்து சரியாகப் போனால் மெல்ல ஏற்றுங்கள். லைன் தளர்ந்திருக்கும்போது பெரிய பொதி ஒவ்வொரு முறையும் நடுவழியில் அறுந்து, முதலிலிருந்து தொடங்கி, மாலைவரை ஒன்றும் போகாமல் டேட்டாவை மட்டும் தின்றுவிடும்.

மறுமுயற்சி 2, 4, 8 செக்கன் என்று இரட்டித்து அதிகபட்சம் 5 நிமிடத்தில் நிற்கட்டும். அந்தக் காத்திருப்பை அப்படியே வைக்காமல், பூச்சியத்துக்கும் அதற்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணாக எழுந்தமானமாகத் தெரிவு செய்யுங்கள். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் எழும்பும். எல்லாம் ஒரே தாளத்தில் தட்டினால் சேர்வர் விழும், விழுந்து எழும்பியதும் மறுபடி அதே தாளத்தில் தட்டும்.

இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதானால் 30 செக்கனுக்கொரு முறை உங்கள் நெறிமுறையிலேயே ஒரு சிறு துடிப்பை அனுப்புங்கள். மொபைல் வலையமைப்பு, சும்மா கிடக்கும் இணைப்பைச் சொல்லாமலே மறந்துவிடும். லினக்ஸின் சொந்தக் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் வசதி) இயல்பாக 7200 செக்கனுக்குப் பிறகே விழிக்கும். அந்த இரண்டு மணித்தியாலமும் இணைப்பு இருப்பதாகவே கிளை நம்பிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு கெட்ட நிகழ்வு வரிசை முழுவதையும் மறிக்கிறதா? பெறுவதையும் கணக்கில் ஏற்றுவதையும் பிரித்துவிடுங்கள். சேர்வர் வந்ததை வந்தபடியே முதலில் பதிந்து பதில் சொல்லட்டும். பிறகு வேறொரு நிரல் அதைக் கணக்கில் ஏற்றட்டும். ஏறாதது தனிப் பெட்டிக்குப் போய் மனிதரின் கண்ணுக்கு வரட்டும்.

பேக்அப்பிலிருந்து மீட்ட கிளை

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, நேற்றைய பேக்அப்பைப் போட்டாயிற்று, கடை ஓடுகிறது. பேக்அப்பில் கடைசித் தொடர் எண் 9000. ஆனால் டிஸ்க் போகுமுன் கிளை 9120 வரை சேர்வருக்கு அனுப்பியிருந்தது. இப்போது அடிக்கும் புதிய பில் 9001 என்ற எண்ணோடு போகிறது. சேர்வர் ‘இது ஏற்கெனவே வந்தது’ என்று மரியாதையாகப் பதில் சொல்கிறது. கிளையும் ‘சேர்ந்தது’ என்று குறிக்கிறது. புதிய 120 நிகழ்வுகள் சத்தமில்லாமல் போய்விட்டன. இரு பக்கப் பதிவேடுகளிலும் ஒரு பிழையும் இராது.

தலைமுறை எண் இதற்குத்தான். மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் கிளைக்குப் புதிய தலைமுறை எண் கொடுங்கள், தொடர் எண்ணை 1இலிருந்து தொடங்குங்கள். மீட்பவர் மறந்துவிடலாம் என்பதால் சேர்வரும் காவல் பார்க்கட்டும்: கிளை இணையும்போது தன் கடைசித் தொடர் எண்ணைச் சொல்லவேண்டும்; அது சேர்வரிடமுள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் சேர்வர் வாங்க மறுத்து, புதிய தலைமுறையைக் கேட்கவேண்டும். தொலைந்த அந்த 120 பழைய நிகழ்வுகளைச் சேர்வரிலிருந்து கிளை திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சேர்வரிலிருந்து கிளைக்கு

விலைமாற்றம், புதிய சாமான் பெயர்கள் இந்தத் திசையில் வரும். முறை அதேதான், ஆனால் ஒரு பொறி கூடுதலாக இருக்கிறது. சேர்வரின் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால், அதில் தொடர் எண், ட்ரான்ஸாக்‌ஷன் முடியும் வரிசையில் வராது. 901ஐ எடுத்த ட்ரான்ஸாக்‌ஷன் தாமதிக்கிறது, 902 முந்தி முடிகிறது. கிளை வந்து 902 வரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு 901 முடிகிறது. அதை யாரும் இனிக் கேட்கமாட்டார்கள். எழுதி முடிந்த வரிகளுக்கு ஒரேயொரு நிரல் மட்டும் பின்னால் வந்து வெளியீட்டு எண் போடட்டும், கிளைகள் அந்த எண்ணை வைத்தே கேட்கட்டும். எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுதமுடியும் என்பதால் கிளைப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு பேர் ஒன்றையே மாற்றினால்

மோதலைத் தீர்ப்பதைவிட மோதல் வராமல் அமைப்பதே சுகம். ஒவ்வொரு தரவுக்கும் ஒரு சொந்தக்காரரை வையுங்கள். விலையைப் புறக்கோட்டை மட்டுமே மாற்றலாம். பில்லை அடித்த கிளையே ரத்துச் செய்யலாம். பில் இலக்கத்தை மையத்திலிருந்து வாங்காமல் ஒவ்வொரு கிளையும் தன் முன்னொட்டோடு தானே போடட்டும்.

எஞ்சுவது வாடிக்கையாளரின் தொலைபேசி எண், முகவரி போன்றவை. அவற்றில் பிந்தியது வெல்லட்டும், ஆனால் முழு வரியாக அல்ல, ஒவ்வொரு புலமாக. ஒருவர் தொலைபேசியையும் இன்னொருவர் முகவரியையும் மாற்றியிருந்தால் இரண்டும் நிற்கவேண்டும். பிந்தியது எது என்று தீர்மானிக்கக் கணினிக் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்; கணினி அறிவியலாளர் லாம்போர்ட் 1978இல் விளக்கிய தருக்கக் கடிகாரத்தை அதோடு சேருங்கள். தன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்ணை ஒன்றால் கூட்டுவது, ஒரு செய்தி வரும்போது அதிலுள்ள எண்ணையும் தன் எண்ணையும் ஒப்பிட்டு, பெரியதோடு ஒன்றைக் கூட்டி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

அழிப்பதும் ஒரு நிகழ்வே. வரியை நீக்கிவிட்டால், பல நாள் மூடிக்கிடந்த கிளை திரும்பி வந்து பழைய பிரதியை அனுப்பி அதை உயிர்ப்பித்துவிடும். ‘அழிக்கப்பட்டது’ என்ற அடையாளத்தை 90 நாள் வைத்திருங்கள். அதைவிட நீண்ட காலம் காணாமல் போன கிளை, தன் அனுப்புபெட்டியை ஒப்படைத்துவிட்டு, முழுப் பிரதியைப் புதிதாக வாங்கட்டும்.

கடைசி ஒரு மூட்டையை இரண்டு கடையும் விற்றுவிட்டால்? இதை எந்த ஒத்திசைவும் தடுக்காது. ஒன்றில் ஒவ்வொரு கிளைக்கும் பங்கை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்து அதற்குள் விற்கச் சொல்லுங்கள், அல்லது இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போக அனுமதித்து எச்சரியுங்கள். வந்த நிகழ்வை ‘இருப்பு இல்லை’ என்று சேர்வர் மறுப்பது மட்டும் வேண்டாம். சாமான் கடையை விட்டுப் போயாயிற்று.

நேரம்

நடந்த நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள், வியாபாரத் தேதியைத் தனிப் புலமாக வையுங்கள். இலங்கை நேரம் யூடிசியைவிட 5:30 முந்தியது. அதிகாலை 5 மணிக்கு லொறியில் இறங்கிய சரக்கு யூடிசியில் முந்திய நாள் 23:30. யூடிசி தேதியை வைத்து நாட்கணக்கு எடுத்தால் அது நேற்றையதில் விழும். உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதி வைக்கலாமே என்றால், இலங்கை நேரம் 1996இல் இரண்டு தடவை மாறி, 2006 ஏப்ரல் 15இல்தான் 5:30க்குத் திரும்பியது. கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தபோது ஒரே அரை மணித்தியாலம் இரண்டு முறை வந்தது.

கரண்ட் வந்து கணினி எழும்பியதும் ஒத்திசைவு முற்றாக நின்றுவிட்டால், முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பற்றரி செத்திருந்தால் கணினி பல வருடம் பின்னால் போய் எழும்பும். சேர்வரின் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று இணைப்பே உருவாகாது. எழும்பியதும், இணையவழி நேரம் தரும் என்டிபியில் நேரத்தைச் சரிபார்த்து, பிறகே பில் திரை திறக்கட்டும். லைனும் இல்லையென்றால், கடைசியாகப் பதிந்த நிகழ்வின் நேரத்துக்கு முந்திய தேதியோடு பில் அடிக்க விடாதீர்கள்.

இரவில் ஒப்பிடுங்கள்

நெறிமுறை சரியாக இருந்தாலும் நிரலில் பிழை இருக்கும். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வியாபாரத் தேதிக்கும் எத்தனை நிகழ்வு, தொகை எவ்வளவு, எஸ்எச்ஏ-256 முத்திரை (தரவில் ஒரு குறி மாறினாலும் மாறிவிடும் சுருக்க எண்) என்ன என்று இரண்டு பக்கமும் கணக்கிட்டு ஒப்பிடட்டும். வேறுபட்டால் அந்த நாளை மணித்தியாலங்களாகப் பிரித்து, எந்த வரியில் பிசகு என்று இறங்கிப் போகலாம்.

தமிழில் பெயர் எழுதும் கடைகளில் இங்கே ஒரு தனித் தொல்லை வரும். ‘கொட்டாஞ்சேனை’ என்று இரண்டு கணினியில் தட்டுங்கள். ஒன்றில் ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே குறியீடாக விழும், இன்னொன்றில் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறியீடாக விழும். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, முத்திரை மட்டும் வேறுபடும். ஒரே வாடிக்கையாளர் இரண்டு பேராகவும் பதிவாவார். சேமிக்கும் முன்பே எல்லா எழுத்தையும் ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறியிடும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஔகாரத்தில் மட்டும் அதுவும் உதவாது. ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ போட்டு ‘ஔ’ மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. யூனிகோடுக்கு அவை வேறு எழுத்துகள். அதற்குத் தனி விதி எழுதவேண்டும்.

வடிவம் மாறும்போது

எப்போதும் சேர்வரை முதலில் புதுப்பியுங்கள், கிளைகளைப் பிறகு. சேர்வருக்குப் பழைய வடிவம் எல்லாம் விளங்கவேண்டும். கிளையின் அனுப்புபெட்டியில் போன வாரத்து நிகழ்வு இன்னும் கிடக்கலாம். ஒரு புலத்தின் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றாதீர்கள். ‘நிறை’ கிலோவிலிருந்து கிராமுக்கு மாறினால் புதுப் பெயர் கொடுங்கள்.

உடைத்துப் பாருங்கள்

லினக்ஸில், லைனை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும் நெட்எம் கருவியால் 300 மில்லி செக்கன் தாமதமும் 5 சதவீத இழப்பும் கொடுத்து 10,000 நிகழ்வுகளை ஓடவிடுங்கள். சேர்வர் எழுதி முடித்து பதில் சொல்லுமுன் அதைக் கொல்லுங்கள். ஒரே பொதியை மூன்று தடவை அனுப்புங்கள். நேற்றைய பேக்அப்பைப் போட்டு எழுப்புங்கள். கணினித் தேதியை 2010க்கு மாற்றுங்கள். நிரலைக் கொல்வது மட்டும் போதாது, ப்ளக்கைப் பிடுங்கியும் பாருங்கள். நிரல் செத்தால் இயங்குதளம் மிச்சத்தை வட்டில் எழுதிவிடும், மின்சாரம் போனால் எழுதாது. ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டியது ஒன்றே: கிளைகளில் அடித்த பில்களின் எண்ணிக்கையும் தொகையும் சேர்வரில் உள்ளதும் சதம் பிசகாமல் ஒன்றா?

ஓடத் தொடங்கிய பிறகு கண்காணிக்கவேண்டிய எண், அனுப்புபெட்டியில் கிடக்கும் மிகப் பழைய நிகழ்வின் வயது. இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கை வைக்காதீர்கள்; இணைப்பு இருந்துகொண்டே ஒன்றும் சேராமல் இருக்கலாம். பில் திரையின் மூலையில் ‘கடைசியாகச் சேர்ந்தது 4:12, காத்திருப்பது 6’ என்று எழுதுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்த வயது 15 நிமிடம் தாண்டினால் எச்சரிக்கை போகட்டும். அனுப்புபெட்டி வெறுமையாக இருந்தால் போயா நாளிலும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் வீணாக எச்சரிக்கை வராது. நிகழ்வுகளை அனுப்பாமல் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் அதைக் கிளையால் சொல்ல முடியாது. அதனால் விடுமுறைக்கு முதல் நாள் ‘காத்திருப்பது 0’ என்று காணும்வரை கணினியை அணைக்கவேண்டாம் என்று கடைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.